ஊர் கூடி இழுக்கும் தேர்
(கோடை முகாமுக்குக் கூட்டு நிதி கேட்பது எப்படி?)



ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டவுடன் நண்பர்கள் ஆளுக்கொரு பெரிய தலைப்பை எடுத்துக்கொண்டார்கள். விண்வெளி ஒருவருக்கு, ரோபோ ஒருவருக்கு. எனக்கு நன்றாகத் தெரிந்தது எஸ்டிமேட் போடுவது ஒன்றுதான். சிவில் மாணவன் அல்லவா! போன மே மாதம் எங்கள் ஊரில் பத்து நாள் கோடை முகாம் ஒன்றை நம் கல்லூரி மாணவர்கள் நடத்தினோம். அதற்கு நாலு இடத்தில் பணம் கேட்டு, வாங்கி, செலவு செய்து, கணக்கு ஒப்படைத்த வேலை என் தலையில் விழுந்தது. இந்த ஏப்ரல் போர்டு எக்ஸாம் முடிந்தால் நான் கல்லூரியை விட்டுப் போய்விடுவேன். எனக்குத் தெரிந்தது என்னோடு போய்விடக் கூடாது. ஜூனியர் தம்பி தங்கைகள் கையில் இருக்கட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

ஏன் கோடையில்?

கோடை விடுமுறை என்றால் பலருக்கு மாமா வீடு, கிரிக்கெட், நுங்கு. எங்கள் தெருவில் அது வேலைக்குப் போகிற சீசன். ஏப்ரலில் பரீட்சை முடிந்ததும் மில்லுக்கு ஆள் சேர்க்க வேன் வரும். "சும்மா ரெண்டு மாசம்தானே, நோட்டு புஸ்தகச் செலவுக்கு ஆகும்" என்று சொல்லித்தான் வீட்டில் அனுப்புவார்கள். மே மாதம் கையில் சம்பளத்தை வாங்கிப் பார்த்த பையன் ஜூன் மாதம் பள்ளிக்கூட வாசலுக்கு வருவதில்லை. பத்தாவது முடித்தவர்கள் நிலைமை இன்னும் மோசம். ரிசல்ட் வந்து சில வாரங்களுக்குள் பதினொன்றாவதா, பாலிடெக்னிக்கா, ஐ.டி.ஐ.யா என்று முடிவு செய்தாக வேண்டும். வீட்டில் படித்தவர் யாரும் இல்லாவிட்டால் அதை யாரிடம் போய்க் கேட்பது?

எங்கள் வீட்டில் முதன்முதலில் பத்தாவது தாண்டியவன் நான். அப்பா கொத்தனார், அம்மா சித்தாள். டிப்ளமோ என்ற ஒரு படிப்பு இருக்கிறது என்பதே ஒரு சைட்டில் வேலை பார்த்த சூப்பர்வைசர் சொல்லித்தான் அப்பாவுக்குத் தெரிந்தது. அவர் அன்றைக்கு வேறு சைட்டில் இருந்திருந்தால் நான் இந்த மலரில் எழுதிக்கொண்டிருக்க மாட்டேன். ஒரு பிள்ளையின் படிப்பு இப்படித் தற்செயலாக நடக்கக் கூடாது. பிள்ளைகளை மே மாதம் பத்து நாள் ஒரே இடத்தில் கூட்டி வைத்து, கைவேலை கற்றுக்கொடுத்து, கல்லூரியையும் கண்ணால் காட்டிவிட்டால் பாதி வேலை முடிந்தது. நல்ல எண்ணம்தான். காசுக்கு எங்கே போவது?

கூட்டு நிதி என்றால் என்ன?

நம் ஊர்க் கோயில் திருவிழாவை நினைத்துப் பாருங்கள். பத்து நாள் திருவிழாவின் செலவை ஒரே ஆள் ஏற்பதில்லை. முதல் நாள் மண்டகப்படி ஒரு வகையறா, இரண்டாம் நாள் வியாபாரிகள், மூன்றாம் நாள் இன்னொரு தெரு. பந்தல் ஒருவர் உபயம், மேளம் ஒருவர் உபயம். காசு இல்லாதவர்கள் தேர் வடம் பிடிக்கிறார்கள். கடைசியில் ஊர்க்கூட்டத்தில் வரவு செலவு படிக்கப்படுகிறது. கூட்டு நிதியும் இதேதான். ஒரு காரியத்தின் செலவைப் பலர் பங்கிட்டுக்கொள்வது.

இதில் மூன்று வகை உண்டு.

முதல் வகை, விகிதப் பங்கு. மொத்தச் செலவில் எனக்கு இத்தனை பங்கு, உனக்கு இத்தனை என்று முன்பே பேசிக்கொள்வது. நாட்டு நலப்பணித் திட்டத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 1969 செப்டம்பர் 24-ல் 37 பல்கலைக்கழகங்களில் தொடங்கிய இத்திட்டத்தின் செலவைப் பெரும்பாலான மாநிலங்களில் பல ஆண்டுகள் மத்திய அரசும் மாநில அரசும் 7-க்கு 5 என்று பிரித்துக்கொண்டன. அதாவது 12 ரூபாய் செலவில் 7 ரூபாய் மத்திய அரசு, 5 ரூபாய் மாநில அரசு. 2016 ஏப்ரல் முதல் இது முழுக்க மத்திய அரசின் செலவில் நடக்கும் திட்டமாகிவிட்டது.

இரண்டாம் வகை, ஈடு நிதி. "நீங்கள் இவ்வளவு கொண்டு வந்தால் நாங்கள் மீதியைத் தருகிறோம்" என்பது. தமிழ்நாட்டில் 1997-98-ல் வந்த 'நமக்கு நாமே' திட்டம் இந்த வகை. மதிப்பீட்டில் குறைந்தது மூன்றில் ஒரு பங்கை மக்கள் கட்டினால் மீதியை அரசு போடும். 2011-க்குப் பிறகு தன்னிறைவுத் திட்டம் என்று பெயர் மாறி, 2021-ல் மீண்டும் பழைய பெயரிலேயே வந்தது. இதில் பள்ளிக் கட்டடம், சுற்றுச்சுவர் போன்றவை கட்டலாம், முகாம் நடத்த முடியாது. ஆனால் அதன் தத்துவம் நமக்கும் பாடம்: தன் பங்கைக் கையில் வைத்துக்கொண்டு கேட்பவனுக்கு மரியாதை அதிகம்.

மூன்றாம் வகை, இனம் பிரித்துக் கொடுப்பது. சாப்பாடு ஒருவர், பஸ் ஒருவர், பொருட்கள் ஒருவர் என்று மண்டகப்படி போலவே. மாணவர்களாகிய நமக்கு மிகவும் ஏற்றது இதுதான். ஏன் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

யார் பெயரில் கேட்பது?

18 வயது முடிந்தால் சட்டப்படி நாம் மேஜர். கையெழுத்துப் போடலாம், வங்கிக் கணக்கு வைக்கலாம். ஆனாலும் தனி மாணவன் பெயருக்கு யாரும் நிதி தர மாட்டார்கள், தரவும் கூடாது. பணம் ஒரு அமைப்பின் பெயரில்தான் வர வேண்டும். அதற்கு நமக்கு மூன்று வழி இருக்கிறது.

ஒன்று, கல்லூரி வழி. முதல்வரின் ஒப்புதலோடு மாணவர் பேரவை அல்லது நாட்டு நலப்பணித் திட்ட யூனிட் பெயரில் கேட்பது. இரண்டு, ஊர் வழி. 1972-ல் தொடங்கிய நேரு யுவ கேந்திரா மூலம் பல கிராமங்களில் இளைஞர் மன்றங்கள் உருவாயின. 2023 அக்டோபர் 31-ல் 'மேரா யுவ பாரத்' அமைப்பு தொடங்கப்பட்டது. 15 முதல் 29 வயதுள்ளவர்கள் அதில் பதிவு செய்யலாம். மூன்று, பதிவு பெற்ற சங்கம். தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975-ன்படி ஏழு பேர் சேர்ந்தால் சங்கம் பதிவு செய்யலாம். ஆனால் வருடா வருடம் கணக்கும் அறிக்கையும் தாக்கல் செய்யும் பொறுமை வேண்டும். மூன்றே வருஷம் படித்துவிட்டுப் போகிற நமக்கு முதல் வழிதான் சுலபம். நாங்களும் அந்த வழியில்தான் போனோம்.

எந்தப் பணம் எதற்கு?

இது தெரியாமல் கதவு கதவாகத் தட்டினால் செருப்புதான் தேயும். ஒவ்வொரு பணத்துக்கும் ஒரு சட்டம் இருக்கிறது.

நாடாளுமன்ற உறுப்பினர் தொகுதி மேம்பாட்டு நிதி 1993 டிசம்பரில் வந்தது. ஆண்டுக்கு 5 கோடி ரூபாய். பெரிய தொகை என்று வாய் பிளக்க வேண்டாம். அதில் நீடித்து நிற்கும் பொதுச் சொத்துகளைத்தான் உருவாக்க முடியும். வகுப்பறை கட்டலாம், வகுப்பறையில் பிள்ளைகளுக்குச் சுண்டல் கொடுக்க முடியாது.

நாட்டு நலப்பணித் திட்டத்தின் சிறப்பு முகாம் 7 நாள். 100 பேர் கொண்ட யூனிட்டில் பாதிப் பேர், அதாவது 50 பேர், கலந்துகொள்வார்கள். அந்தப் பணம் தொண்டர்களின் முகாமுக்கு. ஊர்ப் பிள்ளைகளின் செலவு முழுவதையும் அதில் ஏற்றப் பார்த்தால் திட்ட அலுவலர் சார் மாட்டிக்கொள்வார். ஆனால் தொண்டர்களாகிய நாம் முகாமில் பாடம் சொல்லிக்கொடுக்கலாம். இரண்டு ஆண்டில் நாம் முடிக்க வேண்டிய 240 மணி நேரச் சேவை இருக்கிறதே, அதற்கு இதைவிட நல்ல வழி எது?

கம்பெனிகளின் சமூகப் பொறுப்பு நிதி அடுத்தது. 2013-ஆம் ஆண்டு கம்பெனிகள் சட்டத்தின் 135-வது பிரிவின்படி, நிகர மதிப்பு 500 கோடி, விற்றுமுதல் 1,000 கோடி, நிகர லாபம் 5 கோடி, இவற்றில் ஏதாவது ஒன்றைத் தொட்ட கம்பெனி, முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தை இதற்குச் செலவிட வேண்டும். கல்வி அந்தப் பட்டியலில் உண்டு. ஆனால் இரண்டு நிபந்தனைகளைக் கவனியுங்கள். ஒரு நாள் மாரத்தான், பரிசளிப்பு விழா போன்றவை இந்தக் கணக்கில் சேராது என்று 2014-லேயே மத்திய அரசு சுற்றறிக்கையில் சொல்லிவிட்டது. ஆகவே 'கோடை விழா' என்று எழுதினால் கடிதம் குப்பைக் கூடைக்குப் போகும். பத்து நாள் பயிற்சி, அதன் பிறகு தொடர்ந்து கவனிப்பு என்று திட்டமாக இருக்க வேண்டும். அடுத்து, வேறொரு அமைப்பின் மூலம் கம்பெனி செலவிடுவதென்றால், 2021 ஏப்ரல் முதல் அந்த அமைப்பு இதற்கென்று மத்திய அரசிடம் பதிவு எண் பெற்றிருக்க வேண்டும். அப்படிப்பட்ட அமைப்போடு சேர்ந்துதான் போக முடியும்.

மீதி இருப்பது நம் பக்கத்திலேயே உள்ள கைகள்: பழைய மாணவர்கள், உள்ளூர்ச் சேவைச் சங்கங்கள், கடைக்காரர்கள், ஊர்ப் பொதுமக்கள். தொகை சிறிது. ஆனால் விரைவில் கிடைக்கும். சிறு துளிதான் பெருவெள்ளம்.

எஸ்டிமேட் போடலாம் வாங்க

நாம் எஸ்டிமேட்டிங் பாடத்தில் என்ன செய்கிறோம்? அளவு, ரேட், தொகை. முகாமுக்கும் அதே மூன்று பத்திதான். மொத்தமாக "சுமார் ஐம்பதாயிரம் ஆகும்" என்று எழுதாதீர்கள். சுமார் என்ற வார்த்தையைக் கண்டாலே கொடுப்பவர் கை பின்னால் போகும்.

எங்கள் முகாமின் மதிப்பீடு இது. பிள்ளைகள் 40, தொண்டர்கள் 8, ஆசிரியர்கள் 2, ஆக 50 பேர். 10 நாள்.

மதிய உணவு: 50 பேர், 10 நாள், ஆளுக்கு ரூ.40 வீதம் ரூ.20,000.
சுண்டல், டீ: 50 பேர், 10 நாள், ஆளுக்கு ரூ.15 வீதம் ரூ.7,500.
செய்முறைப் பொருட்கள் (பேட்டரி, ஒயர், சின்ன மோட்டார், பல்பு): 40 பேருக்கு ரூ.150 வீதம் ரூ.6,000.
நோட்டு, பேனா: 40 பேருக்கு ரூ.50 வீதம் ரூ.2,000.
கல்லூரியைப் பார்க்க ஒரு நாள் பஸ் வாடகை: ரூ.6,000.
குடிநீர், முதலுதவி: ரூ.1,500.
நகல், அச்சு: ரூ.500.
எதிர்பாராச் செலவு: ரூ.1,500.
மொத்தம் ரூ.45,000.

இதை எப்படிப் பிரித்தோம்? மதிய உணவு ரூ.20,000 ஊர் மக்கள் பங்கு. செய்முறைப் பொருட்களும் நோட்டும் ரூ.8,000 பழைய மாணவர்கள். பஸ்ஸும் முதலுதவியும் ரூ.7,500 ஒரு சேவைச் சங்கம். சுண்டல், நகல், எதிர்பாராச் செலவு மூன்றும் சேர்த்து ரூ.9,500 நம் மாணவர் பேரவை. கூட்டிப் பாருங்கள், 45,000 வரும்.

ஒரு செலவுக்கு ஒரே ஒரு பெயர் இருப்பதைக் கவனித்தீர்களா? இனம் பிரித்துக் கேட்பதன் லாபம் இதுதான். ஒரே பஸ் வாடகைக்கு இரண்டு பேரிடம் பணம் வாங்கினான் என்ற பேச்சுக்கே இடமில்லை. அரசிடம் கேட்கும்போது இது கட்டாயமும் கூட. மத்திய அரசின் பொது நிதி விதிகள் 2017-ல் 230-வது விதி, மானியம் கேட்கும் அமைப்பு இதே காரியத்துக்கு வேறு மத்திய அமைச்சகத்திடமோ துறையிடமோ மாநில அரசிடமோ மானியம் பெறவில்லை, விண்ணப்பிக்கவும் இல்லை என்று சான்று தர வேண்டும் என்கிறது. அதனால் பலரிடம் கேட்டால் அதை மறைக்காதீர்கள். யார் யார் எது எதற்குத் தருகிறார்கள் என்ற பட்டியலை எல்லாக் கடிதத்திலும் அப்படியே சேருங்கள். நாலு பேருக்கும் போகிற பட்டியல் ஒன்றாகவே இருக்க வேண்டும்.

காசு இல்லாதவர் பங்கு

"எங்க ஊர்ல இருபதாயிரம் யாருகிட்ட இருக்கு?" என்று அம்மா கேட்டார்கள். ரொக்கமாக இல்லைதான். ஆனால் அரிசி இருந்தது. ஒரு ஆளுக்கு ஒரு வேளைக்கு 125 கிராம் என்றால் 500 சாப்பாட்டுக்கு 62.5 கிலோ அரிசி. வீட்டுக்கு இரண்டு கிலோ என்று தெருவில் 32 வீட்டில் வாங்கினால் தீர்ந்தது. தோட்டம் வைத்திருப்பவர் காய்கறி, கடைக்காரர் பருப்பு எண்ணெய், விறகு ஒருவர். சமையலுக்கு இரண்டு அக்காக்கள் கூலி வாங்காமல் வந்தார்கள்.

இப்படிப் பொருளாகவும் உழைப்பாகவும் வருவதையும் பங்காகக் கணக்கில் காட்டலாம். மூன்று விதிகளை மட்டும் மறக்காதீர்கள். சந்தை விலையில் மதிப்புப் போடுங்கள், கூட்டிப் போடாதீர்கள். உழைப்புக்கு அந்த ஊரில் நடப்பில் உள்ள கூலியைப் போடுங்கள். எல்லாவற்றையும் கொடுத்தவர் கையெழுத்தோடு நோட்டில் எழுதுங்கள். கல்யாண வீட்டு மொய் நோட்டு மாதிரி. இரண்டு கிலோ அரிசி கொடுத்த பாட்டிக்கும் பெயர் உண்டு. அந்த நோட்டைக் கண்ட பிறகுதான் சேவைச் சங்கத்தார் சரி என்றார்கள். "ஊரே சோறு போடுதுன்னா நாங்க பஸ் விடமாட்டோமா?" என்று அவர்களில் ஒருவர் கேட்டது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

முதலில் யார் தருவது?

கூட்டு நிதியில் பெரிய முடிச்சு இதுதான். ஒருவரிடம் போனால் "மத்தவங்க தந்துட்டாங்களா?" என்பார். அடுத்தவரிடம் போனால் அவரும் அதையே கேட்பார். எல்லோரும் அடுத்தவரைப் பார்த்துக்கொண்டே இருந்தால் மே மாதம் போய் ஜூன் வந்துவிடும்.

முடிச்சை அவிழ்க்க ஒரு வழி இருக்கிறது. பணம் கேட்பதற்கு முன் சம்மதக் கடிதம் கேளுங்கள். "மற்ற மூன்று பங்குகளும் உறுதியானால் எங்கள் பங்கான ரூ.7,500-ஐ ஏப்ரல் 20-க்குள் தருவோம்" என்ற ஒரு வரி போதும். இன்னும் பணம் தர வேண்டியதில்லை என்பதால் அவர்களுக்குத் தயக்கம் இருக்காது. நாலு சம்மதமும் வந்ததும் நாலின் நகலையும் எல்லோருக்கும் அனுப்பிவிடுங்கள். இப்போது யார் பின்வாங்கினாலும் தேர் நின்றுவிடும் என்பது எல்லோருக்கும் தெரியும்.

முதல் சம்மதம் நம்முடையதாக இருக்க வேண்டும். பேரவையின் தீர்மானமும் ஊர் மக்களின் மொய் நோட்டும் கையில் இருந்தால் 45,000-ல் 29,500 ஏற்கெனவே நம் பக்கம். மீதி 15,500-க்குத்தான் வெளியில் கேட்கிறோம். வெறுங்கையோடு போவதற்கும் இதற்கும் எவ்வளவு வித்தியாசம்!

ஒருவேளை ஒரு பங்கு வராவிட்டால்? அதையும் முன்பே எழுதிவிடுங்கள். பஸ் பணம் வராவிட்டால் கல்லூரிப் பயணம் நீக்கப்படும், முகாம் நடக்கும் என்று. எது போனாலும் நடக்கும், எது போனால் நடக்காது என்று சொல்லத் தெரிந்தவனை நம்பிப் பணம் தருவார்கள்.

கடிதம் எழுதும் முறை

பள்ளியில் படித்த அனுப்புநர், பெறுநர், பொருள், ஐயா மறக்கவில்லையே? அதேதான். ஒன்றரைப் பக்கத்துக்கு மேல் போக வேண்டாம். முதல் பத்தியிலேயே கேட்கும் தொகை வந்துவிட வேண்டும். எங்கள் கடிதத்தின் முதல் பத்தி இப்படி இருந்தது:

"எங்கள் கல்லூரி மாணவர் பேரவை வரும் மே மாதம் 10 நாட்கள், 8 முதல் 10-ஆம் வகுப்பு வரை முடித்த 40 கிராமப் பிள்ளைகளுக்குச் செய்முறை அறிவியல் முகாம் நடத்த உள்ளது. மொத்த மதிப்பீடு ரூ.45,000. இதில் ரூ.29,500 ஊர் மக்களாலும் எங்கள் பேரவையாலும் ஏற்கப்பட்டுள்ளது. ஒரு நாள் பஸ் வாடகை, முதலுதவிச் செலவு ரூ.7,500-ஐத் தங்கள் சங்கம் ஏற்றுக்கொள்ளுமாறு வேண்டுகிறோம்."

பிறகு நாலு கேள்விக்குப் பதில்: யாருக்காக, என்ன கற்றுத்தரப் போகிறோம், யார் பொறுப்பு, முடிந்ததும் எப்படித் தெரியும். இணைப்பில் மதிப்பீடு, பங்குப் பட்டியல், முதல்வரின் ஒப்புதல், பள்ளித் தலைமையாசிரியரின் இட அனுமதி, பெற்றோர் சம்மதப் படிவத்தின் மாதிரி. பெண் பிள்ளைகள் வருவதால் பெண் தொண்டர்களும் ஒரு ஆசிரியையும் முழு நேரமும் இருப்பார்கள் என்பதையும் எழுதுங்கள். நாலு வீட்டில் இதைச் சொன்ன பிறகுதான் பெண்ணை அனுப்பினார்கள். வெயிலைக் கருதி வகுப்பு காலை 9 மணிக்குத் தொடங்கி மதியச் சாப்பாட்டோடு முடியும் என்பதும் கடிதத்தில் இருந்தது.

இன்னொரு விஷயம். கடிதத்தைக் கையில் கொடுத்துவிட்டு வராதீர்கள். ஒரு அலுவலகத்தில் நாங்கள் கொடுத்த கடிதம் வரவே இல்லை என்று ஒரு மாதம் கழித்துச் சொன்னார்கள். தபால் பிரிவின் முத்திரையும் தேதியும் போட்ட நகல் எங்களிடம் இருந்தது. அதைக் காட்டியதும் கடிதம் அரை மணி நேரத்தில் கிடைத்துவிட்டது! சண்டை போடவில்லை. நகல்தான் பேசியது.

எப்போது தொடங்குவது?

ஏப்ரலில் தொடங்கினால் ஏமாற்றம்தான். அரசுக்கும் கம்பெனிக்கும் கணக்கு ஆண்டு மார்ச் 31-ல் முடிகிறது. நமக்கோ ஏப்ரலில் பரீட்சை, சிலருக்கு அரியர் வேறு. ஆகவே பின்னாலிருந்து எண்ணி வாருங்கள். நவம்பரில் ஊரில் கணக்கெடுப்பு, எத்தனை பிள்ளைகள், யார் யார் வேலைக்குப் போகும் நிலையில் என்று. டிசம்பரில் மதிப்பீடு. ஜனவரியில் பொங்கல் முடிந்ததும் கடிதங்கள். பிப்ரவரியில் சம்மதங்கள். மார்ச்சில் நினைவூட்டல். ஏப்ரலில் பணம். மே மாதம் முகாம். ஜூன் 15-க்குள் கணக்கு.

கணக்குதான் அடுத்த விண்ணப்பம்

"ஆத்துல போட்டாலும் அளந்து போடு" என்பார்கள். எங்கள் அப்பாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் அட்வான்ஸ் வாங்கிய வேலையில் எத்தனை மூட்டை சிமெண்ட் இறங்கியது, எத்தனை போனது என்று சுவரில் கோடு போட்டு வைத்திருப்பார். வீட்டுக்காரர் எப்போது கேட்டாலும் பதில் இருக்கும். எனக்கு அக்கவுண்டன்ஸி சொல்லிக்கொடுத்தது அந்தக் கோடுகள்தான்.

அரசு மானியம் என்றால் பயன்பாட்டுச் சான்றிதழ் தர வேண்டும். மத்திய அரசு விதிப்படி 12-ஏ என்ற படிவத்தில், அந்த நிதியாண்டு முடிந்த 12 மாதத்துக்குள். மானியப் பணத்துக்கு வங்கியில் கிடைத்த வட்டியைக்கூடத் திருப்பிக் கட்ட வேண்டும். தனியார் தரும் சிறு தொகைக்கு இவ்வளவு கெடுபிடி கிடையாது. ஆனாலும் அதே ஒழுங்கில் செய்யுங்கள். ஒவ்வொரு பங்குக்கும் தனிப் பக்கம், ஒவ்வொரு செலவுக்கும் ரசீது, ரசீது தராத கடையில் கையெழுத்திட்ட வவுச்சர்.

மிச்சம் விழுந்தால் யாருக்கு? எந்த இனத்தில் மிச்சமோ அந்த இனத்துக்குக் கொடுத்தவருக்கு. பஸ்காரரிடம் நண்பன் பேரம் பேசி 6,000-ஐ 5,200 ஆக்கினான். மீதி 800 ரூபாயைச் சேவைச் சங்கத்துக்குத் திருப்பிக் கொடுத்தோம். அவர்களுக்கு நம்பவே முடியவில்லை. "இந்த வருஷமும் வாங்க தம்பி" என்று அவர்களே கூப்பிட்டிருக்கிறார்கள்.

என்ன நடந்தது?

40 பேர் எதிர்பார்த்தோம், 37 பேர் வந்தார்கள். அவர்களில் பத்தாவது முடித்தவர்கள் 9 பேர். ஜூனில் 7 பேர் மேலே படிக்கச் சேர்ந்தார்கள். அதில் 3 பேர் டிப்ளமோ. ஒரு தங்கை நம் கல்லூரியிலேயே எலக்ட்ரிக்கல் முதலாண்டு. மீதி 2 பேர் மில்லுக்குப் போய்விட்டார்கள். ஒருவன் வீட்டில் அப்பாவுக்கு உடம்பு சரியில்லை. இன்னொருவன் வீட்டுக் கடன். பத்து நாள் முகாம் கடனை அடைக்காது.

இந்த இரண்டு பேரையும் கணக்கில் எழுதித்தான் எல்லோருக்கும் அனுப்பினோம். விட்டுவிடலாமே என்று சிலர் சொன்னார்கள். முகாம் நடத்தினால் எல்லாப் பிள்ளையும் படித்துவிடும் என்று எழுதினால் அது பொய் எஸ்டிமேட். அதோடு, அதை எழுதியதால்தான் பழைய மாணவர் ஒருவர் கேட்டார், "அந்த ரெண்டு பேருக்கு என்ன செய்யலாம்?" என்று. ஒருவனை இந்த ஆண்டு ஐ.டி.ஐ.யில் சேர்க்கப் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

நண்பர்களே, வரும் மே மாதத்துக்கான மதிப்பீடு பேரவைக் கூட்டத்துக்கு வருகிறது. இம்முறை இரண்டு ஊர். நம் பேரவையின் பங்காகக் கேட்பது ரூ.19,000. தலைக்கு எவ்வளவு என்று வகுத்துப் பார்த்தால் கேன்டீனில் ஒரு வாரத்து டீக்காசுகூட வராது. பணத்தைவிட முக்கியமாக, நோட்டைப் பிடிக்க இரண்டாம் ஆண்டில் நாலு பேர் வேண்டும். கையெழுத்து அழகாக இருக்க வேண்டியதில்லை, கூட்டல் சரியாக இருந்தால் போதும். மொய் நோட்டு, பங்குப் பட்டியல், கடித நகல்கள் எல்லாம் ஒரு பச்சை ஃபைலில் நாட்டு நலப்பணித் திட்ட அறை அலமாரியில் இருக்கின்றன. மில் வேன் ஏப்ரல் கடைசி வாரம் வந்துவிடும். அதற்கு முன்னால் நாம் ஊருக்குள் போயாக வேண்டும்.



— மூன்றாம் ஆண்டு, சிவில் துறை